ஆலயம் வர இயலாதோரும் ஆன்மீக நற்கருணையும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். "டி.வி.யில் பூசை பார்த்தால் போதுமா, அது கணக்கில் சேருமா?" என்ற கேள்வி மூணாறு, தேவிகுளம், பீர்மேடு பகுதிகளின் தமிழ்க் கத்தோலிக்கக் குடும்பங்களில் இன்றும் கேட்கப்பட்டு வருகிறது. 2020-ஆம் ஆண்டுப் பொதுமுடக்கத்தில் ஆலயக் கதவுகள் அடைபட்டபோது எல்லாரும் கேட்ட கேள்வி இது. கதவுகள் திறந்து ஆண்டுகள் பல ஆன பிறகும், படுக்கையில் இருப்போரிடமும் தள்ளாத வயதினரிடமும் வேலையிடத்தை விட்டு நகர முடியாதோரிடமும் அது அப்படியே தங்கிவிட்டது. அவர்களுக்குக் கிடைக்கும் பதில்களோ பெரும்பாலும் இரண்டு வகைதான். "அதெல்லாம் போதும், கடவுளுக்குத் தெரியாதா" என்று பேச்சை முடித்துவிடுவது ஒன்று. "கோயிலுக்கு வராதவர் வராதவர்தான், செல்போனில் பார்ப்பதெல்லாம் பூசை ஆகாது" என்று முகத்தில் அடித்தாற்போல் சொல்வது மற்றொன்று. இரண்டுமே திருச்சபையின் போதனை அல்ல. இரண்டாலும் நோவது நம் பங்குகளிலேயே மிக எளிய மக்கள்தான் என்பதால், நற்கருணை அப்பத்தை உட்கொள்ள முடியாதபோது இயேசுவைத் தம் உள்ளத்துக்கு வருமாறு விரும்பி வேண்டும் ஆன்மீக நற்கருணை பற்றி இக்கடிதத்தில் சற்று விரிவாகவே எழுத விரும்புகிறேன்.

எங்கள் மலைநாட்டில் ஞாயிறு திருப்பலிக்குப் போய் வருவது சுலபமான காரியமல்ல. 1898-இல் தொடங்கிய மூணாறு கார்மேல் மாதா ஆலயம் 2024-இல் பசிலிக்கா என்ற சிறப்பு நிலைக்கு உயர்த்தப்பட்டபோது எங்களில் மகிழாதவர் இல்லை. ஆனால் அந்த ஆலயத்தின் மணியோசை எட்டாத தூரத்தில், தேயிலைக்காடுகளைக் கடந்து, எஸ்டேட்டின் கடைசி டிவிஷனில், லயங்கள் எனப்படும் தொழிலாளர் வரிசை வீடுகளில் வாழும் குடும்பங்கள் பல. கிளைப்பங்குச் சிற்றாலயம் பக்கத்திலேயே இருந்தாலும், ஒரே குருவானவர் பல இடங்களுக்கு ஓடவேண்டியிருப்பதால் அங்கெல்லாம் ஞாயிறுதோறும் திருப்பலி நடப்பதில்லை. ஆனி, ஆடி மழையில் மண் சரிந்தால் ஜீப் வராது. அரிக்கொம்பன் என்ற காட்டு யானையை 2023-இல் சின்னக்கானலிலிருந்து அப்புறப்படுத்திய பிறகும், விடியற்காலை மூடுபனியில் யானை நிற்கும் பாதை வழியே நடந்து வரும்படி யாரையும் சொல்ல முடியாது. இவை தவிர, காலமெல்லாம் கொழுந்துக் கூடை சுமந்து முழங்கால் தேய்ந்துபோன தாய்மார்கள் இருக்கிறார்கள். கொச்சியிலும் கோட்டயத்திலும் பிறர் வீட்டோடு தங்கி முதியோரைக் கவனித்துக்கொள்ளும் நம் பெண்கள் இருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமையிலும் காவல் பணியை விட்டு அகல முடியாத ஆண்கள் இருக்கிறார்கள். இவர்களில் ஒருவரும் சோம்பலால் ஆலயத்துக்கு வராதவர் அல்லர்.

ஆகவே முதலில் தெளிவாகச் சொல்லப்பட வேண்டியது, இவர்கள்மேல் குற்றம் இல்லை என்பதே. ஞாயிறு திருப்பலியில் பங்கேற்பது கத்தோலிக்கரின் கடமை என்று திருச்சபைச் சட்டத்தின் 1247-ஆம் எண் சொல்கிறது. நோய், பச்சிளங்குழந்தைகளைப் பராமரிக்கும் பொறுப்பு போன்ற கனமான காரணம் இருப்பவர் அக்கடமையினின்று விலக்குப் பெறுகிறார் என்று கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி 2181-ஆம் எண்ணில் கூறுகிறது. குரு இல்லாமையாலோ வேறு கனமான காரணத்தாலோ திருப்பலியில் பங்கேற்க இயலாதபோது என்ன செய்வது என்பதையும் சட்டம் சொல்லாமல் விடவில்லை. இறைவாக்கு வழிபாட்டில் கலந்துகொள்ளலாம். இல்லையேல் தனியாகவோ, குடும்பமாகவோ, சில குடும்பங்கள் ஒன்றுகூடியோ தகுந்த நேரம் இறைவேண்டலில் செலவிடலாம் என்று 1248-ஆம் எண்ணின் இரண்டாம் பகுதி பரிந்துரைக்கிறது. அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் கூடிச் செபிக்கும் எங்கள் அன்பியங்கள் இதை எத்தனையோ ஆண்டுகளாகச் செய்து வருகின்றன. அப்படியிருந்தும், நோயில் கிடக்கும் ஒருவர் ஒவ்வொரு ஞாயிறும் பாவம் சேர்ந்துகொண்டே போகிறது என்று எண்ணி வேதனைப்படுகிறார் என்றால், அவருக்கு இந்த உண்மையைச் சொல்லாமல் விட்டது நம் எல்லாருடைய குறை.

கடமையினின்று விலக்கு உண்டு என்று சொல்வதோடு திருச்சபை நின்றுவிடவில்லை. வர இயலாதவருக்கு அது ஒரு வழியையும் காட்டுகிறது. அதுதான் ஆன்மீக நற்கருணை. இது கொரோனா காலத்தில் கண்டுபிடிக்கப்பட்டது என்று சிலர் நினைக்கிறார்கள்; அது சரியல்ல. 1551-ஆம் ஆண்டு அக்டோபரில் திரிதெந்து பொதுச்சங்கத்தின் 13-ஆம் அமர்வு, நற்கருணையை உட்கொள்வோரை மூன்று வகையாகப் பிரித்துச் சொன்னது: தகுதியின்றி அருள்சாதனத்தை, அதாவது நற்கருணை அப்பத்தை, மட்டும் பெறுவோர், அன்பால் செயலாற்றும் உயிருள்ள விசுவாசத்தோடு அந்த விண்ணக உணவை விரும்பி அதன் பயனை ஆன்மீக விதமாக அடைவோர், இரண்டு விதத்திலும் பெறுவோர் என்று. அதற்கு ஏறத்தாழ மூன்று நூற்றாண்டுகளுக்கு முன்பே புனித தோமா அக்குவினாஸ் இதை எடுத்துரைத்திருக்கிறார். அவிலா நகர்ப் புனித தெரேசா, நற்கருணை வாங்காத நாளிலும் திருப்பலி காணாத நாளிலும் ஆன்மீக நற்கருணை செய்யுமாறும், அதனால் விளையும் நன்மை மிகப் பெரிது என்றும் தம் சபைச் சகோதரிகளுக்கு எழுதினார். கார்மேல் மாதாவின் பெயரால் எழுந்த ஆலயத்தைத் தலைமையாகக் கொண்ட மலையில் வாழும் எங்களுக்கு, கார்மேல் சபையின் அந்தத் தாய் அந்நியர் அல்லர். இன்று பலரும் சொல்லும் செபத்தின் மூலம் 18-ஆம் நூற்றாண்டில் புனித அல்போன்ஸ் லிகோரி எழுதியது. திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 2003-இல் நற்கருணை பற்றி எழுதிய சுற்றுமடலில், புனித தெரேசாவின் சொற்களையே எடுத்துக்காட்டி இந்த வழக்கத்தை வளர்க்கச் சொன்னார்.

நம் முன்னோரின் காலத்தில் இதன் தேவை இன்னும் பெரிதாக இருந்தது. 1905-ஆம் ஆண்டு டிசம்பரில் திருத்தந்தை புனித பத்தாம் பயஸ் அடிக்கடி நற்கருணை வாங்குவதை ஊக்குவித்து ஆணை வெளியிடும்வரை, தவறாமல் திருப்பலி காண்போரில்கூடப் பெரும்பாலோர் எப்போதாவது ஒருமுறைதான் நற்கருணை பெற்றார்கள். மற்ற நாள்களில் நற்கருணை வழங்கும் நேரத்தில் அவர்கள் இருந்த இடத்திலேயே முழந்தாளிட்டு, "ஆண்டவரே, ஆன்மீக விதமாய் என் உள்ளத்தில் எழுந்தருளும்" என்று வேண்டினார்கள். அந்தப் பழக்கம் வீடுகளில் பாட்டிமார் வழியாகச் செபமாலையோடு சேர்ந்தே வந்தது. நற்கருணை எளிதாகக் கிடைக்கத் தொடங்கிய பிறகு நம் தலைமுறை அதை மெல்ல மறந்துபோயிற்று என்றே நான் கருதுகிறேன்.

செய்யும் முறை கடினமானது அல்ல. இயேசு நற்கருணையில் மெய்யாகவே இருக்கிறார் என்று விசுவசிப்பதாகச் சொல்லவேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக அவரை அன்பு செய்வதாகவும், இந்நேரத்தில் அருள்சாதனமாக அவரை வாங்க இயலாததால் ஆன்மீக விதமாகவேனும் தம்மிடம் வருமாறும் கேட்கவேண்டும். வந்துவிட்டார் என்ற உறுதியோடு அவரோடு ஒன்றித்திருந்து, ஒருபோதும் தம்மைப் பிரியவிட வேண்டாம் என்று மன்றாடவேண்டும். அச்சடித்த செபத்தைப் பார்த்துச் சொல்லலாம். எழுத்து தெரியாதவர் தம் சொந்தச் சொற்களிலும் சொல்லலாம். சாவான பாவம் மனத்தை உறுத்துகிறது, ஒப்புரவு அருள்சாதனத்துக்கு, அதாவது பாவசங்கீர்த்தனத்துக்கு, குருவானவர் உடனே கிடைக்கமாட்டார் என்றால், இறைவன்மேல் கொண்ட அன்பினால் எழும் நிறைவான மனத்துயரோடு மன்னிப்புக் கேட்டு, வாய்ப்புக் கிடைத்தவுடன் பாவசங்கீர்த்தனம் செய்வதாக உறுதியெடுக்கவேண்டும். 2020 மார்ச்சில் திருத்தந்தை பிரான்சிஸ் இதையே மக்களுக்கு நினைவூட்டினார். ஒரு நாளில் இத்தனை முறைதான் என்ற வரையறை ஆன்மீக நற்கருணைக்கு இல்லை. அடுப்படியிலோ தேயிலைக்காட்டிலோ காவல் கூண்டிலோ இருந்தபடி செய்யலாம்.

ஒளிபரப்பைப் பற்றியும் சொல்லவேண்டும். நோயினால் எழுந்து வர முடியாத புனித கிளாரா, தம் அறையின் சுவரிலேயே திருப்பலியைக் கண்டதாகச் சொல்லப்படும் மரபை முன்னிட்டுத்தான் திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் 1958-இல் அவரைத் தொலைக்காட்சியின் பாதுகாவலியாக அறிவித்தார். எனவே படுக்கையில் இருப்பவர் டி.வி.யிலோ யூடியூபிலோ திருப்பலியைப் பார்ப்பதை இழிவாகப் பேச யாருக்கும் உரிமையில்லை. அதே வேளையில், எந்த ஒளிபரப்பும் நேரில் பங்கேற்பதற்கு இணையாகாது, அதன் இடத்தைப் பிடிக்கவும் முடியாது என்று வத்திக்கானின் வழிபாட்டுப் பேராயத்தின் தலைவராக இருந்த கர்தினால் இராபர்ட் சாரா 2020-இல் ஆயர்களுக்கு எழுதிய மடலில் தெளிவாகச் சொன்னார். உடம்பு நன்றாக இருந்து, பாதையும் திறந்திருந்து, காலை ஆறு மணிக்குக் குளிராக இருக்கிறது என்பதற்காகப் போர்வைக்குள் இருந்தபடி திருப்பலி பார்ப்பவர், ஆன்மீக நற்கருணையை அதற்குச் சாக்காகச் சொல்லக்கூடாது. வர விரும்பியும் வர முடியாதவருடைய செபம் அது.

பங்கில் நற்கருணை வழங்கும் பொதுநிலைப் பணியாளருள் ஒருவனாக நோயாளிகளின் வீடுகளுக்குப் போய் வருகிறேன். லயத்து அறை ஒன்றில் படுத்திருக்கும் மூதாட்டி ஒருவர், ஞாயிறு காலையில் மருமகளின் செல்போனைச் சர்க்கரை டப்பாவில் சாய்த்து வைக்கச் சொல்லித் திருப்பலி காண்பார். மழைக்காலத்தில் சிக்னல் நிற்காது. குருவானவர் அப்பத்தை உயர்த்திக் காட்டும் எழுந்தேற்ற நேரத்தில் படம் உறைந்துபோவது வழக்கம். அவர் அதற்காகப் பதறுவதில்லை. சேலைத் தலைப்பை இழுத்து முக்காடிட்டுக்கொண்டு, "ஆண்டவரே, என்னால வர முடியல, நீரே வாரும்" என்று மட்டும் சொல்வார். அதன்பின் சற்று நேரம் அந்த அறையில் யாரும் பேசுவதில்லை. பள்ளிக்கூடத்துப் பேரனும் வாசற்படியில் சும்மா உட்கார்ந்திருப்பான். இறையியலார் பக்கம் பக்கமாக எழுதியது முழுவதும் அந்த ஒரு வரியில் இருக்கிறது என்று எனக்குத் தோன்றும். ஆனால் அவர் கண்ணைத் திறந்தவுடன் மருமகளிடம் கேட்கும் அடுத்த கேள்வி, "சாமி எப்ப வருவாங்களாம்?" என்பதுதான். சாமி என்று அவர் சொல்வது குருவானவரை.

இந்தக் கேள்வியைத்தான் பங்குமக்கள் அனைவரும் காதில் வாங்கவேண்டும் என்று வேண்டுகிறேன். ஆன்மீக நற்கருணை பசியைத் தணித்து அனுப்பிவிடுவதில்லை. மெய்யான அருள்சாதனத்தின்மேல் பசியை வளர்க்கிறது. விருப்பத்தால் பெறுவதைவிட உண்மையில் உட்கொள்வது அருள்சாதனத்தின் பயனை நிறைவாகத் தருகிறது என்று புனித தோமா அக்குவினாஸ் எழுதினார். திருப்பலிக்கு வரும் மக்கள் ஆன்மீக விதமாக மட்டுமல்லாமல் அருள்சாதனமாகவும் நற்கருணை பெறுவதையே தாம் விரும்புவதாகத் திரிதெந்து சங்கம் 1562-இல் மீண்டும் சொன்னது. ஜப்பான் நாட்டில் 17-ஆம் நூற்றாண்டுத் துன்புறுத்தலில் குருக்களை இழந்த கிறிஸ்தவர்கள் இருநூறு ஆண்டுகளுக்கு மேல் திருப்பலியே இல்லாமல் விசுவாசத்தை மறைவில் காத்தார்கள். அதனால் இனிக் குரு வேண்டாம் என்ற மனநிலைக்கு அவர்கள் வந்துவிடவில்லை; 1865 மார்ச்சில் நாகசாகியில் புதிதாகக் கட்டிய ஆலயத்தில் ஒரு குருவானவர் இருப்பதாக அறிந்தவுடன் அவரைத் தேடி வந்தார்கள்.

ஆகவே நோயாளியிடம் "செல்போனில் பாருங்கள், ஆன்மீக நற்கருணை சொல்லுங்கள்" என்று சொல்லிவிட்டு நாம் வீடு திரும்பிவிடுவது நியாயமல்ல. கிறிஸ்துவுக்குப்பின் 155-ஆம் ஆண்டையொட்டி உரோமையில் எழுதிய மறைசாட்சி புனித யுஸ்தீன், ஞாயிறு வழிபாடு எப்படி நடந்தது என்று விவரிக்கும்போது, வராதவர்களுக்குத் திருத்தொண்டர்கள் நற்கருணையை எடுத்துச் சென்றார்கள் என்று குறிப்பிடுகிறார். நோயாளிக்கு நற்கருணை எடுத்துச் செல்வது பிற்காலத்தில் சேர்ந்த சலுகை அல்ல. ஞாயிறு வழிபாட்டின் பகுதியாகவே அது தொடங்கியது. நற்கருணையை எடுத்துச் செல்லும் வழியில் உயிர்நீத்த புனித தர்சீசியுசைப் பீடச் சிறுவர்களின் பாதுகாவலராகக் கொண்டாடுகிறோம். அவருடைய படத்தை மாட்டியிருக்கும் பங்குகள், லயத்துக்குக் கடைசியாக நற்கருணை போய்ச் சேர்ந்தது எப்போது என்று கேட்டுப் பார்க்கவேண்டும்.

இதில் குருக்களைக் குறை கூறுவது என் நோக்கமல்ல. மலைப்பாதையில் ஒரே ஞாயிற்றில் அவர்கள் படும் பாட்டைக் கண்ணால் காண்கிறவன் நான். பல இடங்களில் நோயாளி இருப்பதே அவர்களுக்குத் தெரிவிக்கப்படுவதில்லை. "சாமிக்கு எதற்குத் தொந்தரவு" என்று வீட்டார் தயங்குகிறார்கள். அறை குறுகலாக இருக்கிறது, நாற்காலி இல்லை என்று வெட்கப்படுகிறார்கள். ஒரு சிறு மேசை, அதன்மேல் ஒரு வெள்ளைத் துணி, மெழுகுவர்த்தி, பாடுபட்ட சுரூபம், குடிக்கக் கொஞ்சம் தண்ணீர், இவை போதும். மேசை இல்லாவிட்டால் டிரங்குப் பெட்டியின்மேல் துணி விரிக்கலாம். நான் போகும் வீடுகளில் அப்படித்தான் விரிக்கிறார்கள். குரு வர இயலாத இடத்துக்கு ஆயரின் அனுமதி பெற்ற பொதுநிலைப் பணியாளர் நற்கருணை எடுத்துச் செல்லச் சட்டம் இடம் தருகிறது. ஒப்புரவும் நோயில்பூசுதலும் குருவால் மட்டுமே தரக்கூடியவை என்பதால் அவரும் இடையிடையே வந்தாகவேண்டும். முதல் வெள்ளிக்கிழமை நோயாளி சந்திப்பு ஒழுங்காக நடக்கும் பங்குகளில் இது எவ்வளவு எளிதாக நடக்கிறது என்பதைப் பார்த்திருக்கிறேன். அன்பியத் தலைவர்கள் தங்கள் பகுதியில் படுத்திருப்போர் பெயர்களை மாதந்தோறும் பங்குத்தந்தையிடம் எழுதிக் கொடுத்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

நோயாளியைவிட அதிகமாக மறக்கப்படுபவர் அவரைப் பார்த்துக்கொள்பவர். பக்கவாதத்தில் விழுந்த மாமியாரை விட்டு அகல முடியாத மருமகள், மனநலம் குன்றிய பிள்ளையின் தாய், இவர்களுக்கும் திருச்சபை ஞாயிறு கடமையில் விலக்கு அளிக்கிறது. நற்கருணைக்கு முன்னுள்ள ஒரு மணி நேர உண்ணாநோன்பும் முதியோரையும் நோயாளிகளையும் போலவே அவர்களைப் பராமரிப்போரையும் கட்டுப்படுத்துவதில்லை என்று சட்டத்தின் 919-ஆம் எண் சொல்கிறது. எனவே நோயாளிக்கு நற்கருணை கொண்டு செல்லும்போது, தகுந்த தயாரிப்போடு இருந்தால் பராமரிப்பவருக்கும் சேர்த்தே வழங்கலாம். அதற்கு ஏற்ப அப்பம் எடுத்துச் செல்லவேண்டும். இதற்கும் மேலாக, பக்கத்து வீட்டார் ஒருவர் முந்தின மாலைத் திருப்பலிக்குப் போய்விட்டு, ஞாயிறு காலையில் இரண்டு மணி நேரம் அந்த நோயாளியின் அருகில் உட்கார்ந்திருந்தால், அந்த மருமகள் தானே ஆலயத்துக்குப் போய் வருவார். இத்தகைய உதவியைச் செய்ய பட்டமோ பயிற்சியோ வேண்டியதில்லை. ஆனால் கேட்டால் ஒழிய யாருக்கும் தோன்றுவதில்லை என்பதால் பீடத்திலிருந்தே கேட்கவேண்டும்.

எல்லைப்புறத்தில் வாழும் நமக்கே உரிய ஒரு செய்தியும் உண்டு. தமிழ்த் திருப்பலி இல்லாத ஞாயிற்றில் வீட்டிலிருந்தே ஆன்மீக நற்கருணை செய்துகொள்ளலாம் என்று சிலர் எண்ணுகிறார்கள். பக்கத்திலேயே மலையாளத்தில் திருப்பலி நடக்கிறது என்றால், அது இலத்தீன் முறையாக இருந்தாலும் சீரோ மலபார் குர்பானாவாக இருந்தாலும் சீரோ மலங்கரை முறையாக இருந்தாலும், எந்தக் கத்தோலிக்க வழிபாட்டு முறையில் பங்கேற்றாலும் கடமை நிறைவேறும் என்பதே சட்டம். அங்கே நற்கருணையும் வாங்கலாம். தாய்மொழியில் செபிக்கும் ஆறுதல் வேறெதிலும் கிடைக்காது என்பதை நான் முழுமனத்தோடு ஒப்புக்கொள்கிறேன். விஜயபுரம் மறைமாவட்டத்திலும் அண்டை மறைமாவட்டங்களிலும் தமிழ்த் திருப்பலிகள் பெருகவேண்டும் என்று கேட்போரில் நானும் ஒருவன். ஆயினும் மொழி காரணமாக நற்கருணையைக் கைவிடக்கூடாது. அதேபோல், திருமண நிலையில் உள்ள சிக்கலால் நற்கருணை வாங்க இயலாதவர்கள் பலர் திருப்பலிக்கு வருவதையே நிறுத்திவிடுகிறார்கள். அவர்களுக்கும் திருப்பலியில் இடம் உண்டு. ஆன்மீக நற்கருணையின் மதிப்பை உணர அவர்களுக்கு உதவவேண்டும் என்று வத்திக்கானின் விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் 1994-இல் ஆயர்களைக் கேட்டுக்கொண்டது.

பங்குகளுக்கு என் வேண்டுகோள் இதுதான். ஆன்மீக நற்கருணைச் செபத்தைப் பெரிய எழுத்தில் தமிழில் அச்சிட்டு, ஒவ்வொரு நோயாளியின் கட்டிலருகிலும் ஒட்டவேண்டும். மறைக்கல்வி வகுப்பில் புதுநன்மைக்கு, அதாவது முதல் நற்கருணைக்கு, தயாராகும் பிள்ளைகளுக்கு அதை மனப்பாடமாகக் கற்பிக்கவேண்டும். அவர்களே தங்கள் வீட்டுப் பெரியோருக்குச் சொல்லிக்கொடுப்பார்கள். ஞாயிறு விசுவாசிகள் மன்றாட்டில், வர இயலாதவர்களுக்காக ஒரு மன்றாட்டைத் தவறாமல் சேர்க்கவேண்டும். திருப்பலி முடிந்தவுடன் நற்கருணைச் சிமிழோடு பணியாளர்களைப் பீடத்தின் முன்னிருந்தே மக்கள் பார்க்க அனுப்பிவைக்கவேண்டும்.

தங்கள் நாளிதழிடமும் ஒன்று கேட்கிறேன். சனிக்கிழமைதோறும் வெளியாகும் ஆன்மீக அறிவிப்புகளில், இடுக்கி மாவட்டத்திலும் அதையொட்டிய போடி, கம்பம் பகுதிகளிலும் நடக்கும் தமிழ்த் திருப்பலிகளின் நேரத்தை ஊர்வாரியாக வெளியிட்டு, நோயாளிகளுக்கு நற்கருணை வேண்டுவோர் எந்தப் பங்கு அலுவலகத்தில் எந்த நாளுக்குள் சொல்லிவைக்க வேண்டும் என்பதையும் உடன் சேர்க்கக் கோருகிறேன். பங்குகளிடமிருந்து அந்த விவரங்களைத் திரட்டித் தரும் பணியை எங்கள் பகுதி அன்பியங்களின் சார்பில் நாங்களே ஏற்றுக்கொள்கிறோம்.

இங்ஙனம்,
தங்கள் நெடுநாள் வாசகன்,
ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர்,
தேவிகுளம் வட்டம், இடுக்கி மாவட்டம்.